ஈரத்தலைக்காரி

அந்தத் தெருவில் அவளுக்கு சி.ஐ.டி. என்று பெயர். மூஞ்சிக்கு நேராக யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்லிவிட்டு யார் முழுசாக வீடு போய்ச் சேருவது? வீட்டில் உட்கார்ந்து பள்ளிக்கூடங்களுக்குக் கேள்வித்தாள் டைப் அடித்துக் கொடுப்பது அவள் தொழில். புருஷனைக் கவனிப்பது முழுநேர வேலை. அந்த மனுஷனோ மோட்டார் கம்பெனியில் ஸ்டோர்கீப்பர், வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத ரகம். அதனால் என்ன? சட்டைப்பையில் பஸ் டிக்கெட்டைத் தவிர வேறு காகிதம் இருந்தால் அன்றைக்கு விசாரணைதான். மருந்துக்கடைப் பெண் மீதிச் சில்லறை கொடுக்கும்போது எதற்கு அந்த இளிப்பு, அடுத்த வீட்டு டீச்சர் குட் மார்னிங் சொன்னால் நீங்கள் எதற்கு நின்று பதில் சொல்ல வேண்டும் என்று ஒன்று விடாமல் கேட்பாள். இதைப் பொறாமை என்று யாராவது சொன்னால் பொசுக்கென்று கோபம் வந்துவிடும். "அக்கறைன்னு சொல்லுங்க" என்பாள்.

அப்படிப்பட்ட வீட்டு கம்ப்யூட்டரில், ஒரு நாள் திரையின் வலது மூலையில் ஒருத்தி வந்து நின்றாள். குளித்துவிட்டு நேராக வந்தவள் போல ஈரத்தலை, ஒரு சிரிப்பு, கீழே 'உங்களுக்காகவே காத்திருக்கிறேன்' என்று ஒரு வரி. அவர் மெயில் பார்த்துவிட்டு எழுந்த கையோடு உட்கார்ந்து எட்டாம் வகுப்பு அறிவியல் அடித்துக்கொண்டிருந்த சி.ஐ.டி.க்கு வயிறு பற்றி எரிந்தது.

"யாருங்க இவ?"

"எனக்கென்ன தெரியும்? ஏதோ வைரஸா இருக்கும்" என்றார் அவர், செய்தித்தாளை விட்டுத் தலையைத் தூக்காமல்.

"வைரஸுக்கு எதுக்கு இவ்ளோ பல்லு?"

சர்வீஸ்காரம்மா வந்தாள். கத்தரித்த தலைமுடி, தோளில் ஒரு பை, பேச்சில் வளவளப்பு கிடையாது. வைரஸ் தேடும் புரோகிராமை ஓடவிட்டு, அகப்பட்டதையெல்லாம் அழித்துவிட்டுப் போனாள். அவள் போனதும் இவர் சும்மா இருந்திருக்கலாம். "நல்லா வேலை செய்றாங்க இல்ல?" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். அந்த ஒரு வார்த்தைக்கு இரண்டு நாள் மௌன விரதம் நடந்தது, மூன்றாம் நாள் ஈரத்தலைக்காரி திரும்ப வந்துவிட்டாள்.

இரண்டாம் தடவை சர்வீஸ்காரம்மா கம்ப்யூட்டரை அடியோடு துடைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து போட்டுக் கொடுத்தாள். "இனிமே வர வாய்ப்பே இல்லக்கா" என்றாள். அன்று முழுக்க ஒன்றும் வரவில்லை. மறுநாள் சாயந்தரம் அவர் வந்து மெயில் பார்க்க உட்கார்ந்தார். பத்தே நிமிஷம். மூலையில் ஈரத்தலை!

இந்தத் தடவை அவள் தனியாக வரவில்லை. திரையின் மேல்பக்கம், அடிக்கடி பார்க்கும் பக்கங்களைக் குறித்துவைக்கும் வரிசையில் புதிதாக மூன்று முளைத்திருந்தன. மாடியில் ரோஜா வளர்ப்பது எப்படி. முடி கொட்டுவதை நிறுத்த ஏழு வழிகள். குதிகால் வலிக்குப் பயிற்சிகள். சி.ஐ.டி. மூன்றையும் திறந்து படித்தாள், ஆளையே உருவாக்கிவிட்டாள். மாடி வீட்டுக்காரி. ரோஜா வைத்துக்கொள்பவள். முடி கொட்டுகிறது என்றால் இளம் வயசு இல்லை. 'குதிகால் வலி வந்தும் ஒருத்திக்கு ஆசையைப் பாரேன்!' என்று பல்லைக் கடித்தாள். திட்டிக்கொண்டே, தன் பின்னலையும் ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

ராத்திரிச் சாப்பாடு கொதிக்கக் கொதிக்கத் தட்டில் விழுந்தது. பதினாறு வருஷம். இந்த மனுஷனைத் தவிர வேறு நினைப்பு அவளுக்கு உண்டா? இவர் இன்னொருத்தியிடம் போகிறார் என்று தெரிந்தால் உயிரோடு இருக்க முடியுமா? கேட்டுவிட ஆயிரம் தடவை வாயெடுத்தாள். ஆதாரம் இல்லாமல் கேட்டால் மழுப்பிவிடுவார் என்று மென்று முழுங்கினாள்.

புதன்கிழமை மதியம் மூன்றாம் தடவையாக சர்வீஸ்காரம்மா வந்தாள், முகத்தில் சலிப்போடு. அவளிடம் சி.ஐ.டி. தான் கண்டுபிடித்ததைச் சொன்னாள்: "நான் நாள் பூரா உட்கார்ந்தா வரல. அவரு வந்து அவரு பேரைப் போட்டு உள்ள நுழைஞ்சாதான் இவ வர்றா. நாலு நாளா நேரம் குறிச்சு வச்சிருக்கேன்."

சர்வீஸ்காரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அக்கா, நீங்க எங்க கடைக்கு வேலைக்கு வந்துடுங்க. இது எனக்குத் தோணவே இல்ல பாருங்க."

பிறகு விளக்கினாள். அவருடைய கணக்கு வேறு ஏதோ ஒரு கம்ப்யூட்டரிலும் திறந்து கிடக்கிறது. சனியன் குடியிருப்பது அங்கே. அவர் இங்கே கணக்கைத் திறந்ததும், அங்கே இருப்பதெல்லாம் இங்கேயும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதனால் இங்கே எத்தனை தடவை துடைத்தாலும் பிரயோஜனம் இல்லை.

"எந்த கம்ப்யூட்டர்?" என்று கேட்டபோது சி.ஐ.டி.யின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

நல்லவேளையாக அவருடைய பாஸ்வேர்டு அவளுக்குத் தெரியும். அது தெரியாமல் என்ன சி.ஐ.டி.? சர்வீஸ்காரம்மா கணக்கின் உள்ளே போய் ஒரு பட்டியலைத் திறந்தாள். இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்றின் பெயர் 'வீடு'. இன்னொன்றின் பெயர் 'சிட்டு'. "இது இப்போகூட ஓடிட்டிருக்கு" என்றாள் சர்வீஸ்காரம்மா.

சிட்டு. அவருடைய தங்கை. வீட்டில் வைத்த செல்லப்பெயர்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவருக்கு ஸ்டோர்கீப்பர் பதவி கிடைத்தபோது, முதல் போன் தங்கைக்குப் போட்டார், அப்புறம்தான் பெண்டாட்டிக்கு. அன்றைக்கு சி.ஐ.டி. ஆடித் தீர்த்துவிட்டாள். "அந்த வாசலை மிதிச்சா இந்த வாசலை மறந்துடுங்க" என்றாள். அவர் "சரி" என்றார். அதோடு நாத்தனார் உறவு அறுந்தது. 'நான் கிழிச்ச கோட்டைத் தாண்ட மாட்டார்' என்று தெருப்பெண்களிடம் எத்தனை தடவை பீற்றிக்கொண்டிருப்பாள்! புதன்கிழமைகளில் மட்டும் அவர், "உனக்கு எதுக்குச் சிரமம், நான் கேன்டீன்ல சாப்பிட்டுக்கறேன்" என்பார். அதைக்கூடப் பெருமையாகத்தான் சொல்லியிருந்தாள்.

இன்னொருத்தி இல்லை என்று நெஞ்சு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. இன்னொருத்தியாக இருந்தால் குடுமியைப் பிடித்து இழுக்கலாம், ஊரைக் கூட்டலாம், ஊரும் இவள் பக்கம் நிற்கும். கூடப் பிறந்தவளை என்ன செய்வது? பொறாமை முன்னைவிட இரண்டு பங்காக எரிந்தது.

"இங்கேருந்தே அதைத் துண்டிச்சுடலாம், ஒரு பட்டன்தான்" என்றாள் சர்வீஸ்காரம்மா. "ஆனா அந்த மெஷின்ல இருக்கறது அங்கேயேதான் இருக்கும். போய் சுத்தம் பண்றது நல்லது."

"போலாம். இப்பவே போலாம்."

சர்வீஸ்காரம்மாவின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். இன்றைக்கும் புதன்கிழமை, கேன்டீன் மனுஷன் அங்கேதான் இருப்பார். கையும் களவுமாகப் பிடித்து, அங்கேயே நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போலக் கேட்டுவிட வேண்டும். வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனாள்.

மாடி ஏறியதும் கதவு ஒருக்களித்து இருந்தது. உள்ளிருந்து யாரோ ஒரு ஆள், மூக்கால் பேசும் அதிகாரி மாதிரி, "இந்த ஸ்பேனர் எங்கய்யா போச்சு? காலு மொளச்சுப் போச்சா?" என்று அதட்டினான். ஒரு பெண் சிரித்தாள். உடனே அந்த ஆளும் சிரித்தான், வயிற்றிலிருந்து, மூச்சு வாங்கி வாங்கி. இவளுக்கு யார் என்று பிடிபடவில்லை. கதவைத் தள்ளினாள்.

அவர்தான்! தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார், கண்ணில் சிரித்துச் சிரித்து வந்த தண்ணீர் நின்றது. அவளைப் பார்த்ததும் முகத்தில் ஈயாடவில்லை. தங்கை கரண்டியோடு எழுந்து நின்றுவிட்டாள்.

"அண்ணி, நான்தான் கூப்பிட்டேன். அண்ணன் மேல தப்பில்ல அண்ணி, திட்டிடாதீங்க..."

அடுக்கி வைத்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. இந்த மனுஷனுக்கு மிமிக்ரி வருமா? இவர் கம்பெனி மேனேஜர் மூக்கால் பேசுவாரா? பதினாறு வருஷமாக இவர் சட்டைப்பை வரைக்கும் தெரிந்தவளுக்கு இது தெரியவில்லையே! தங்கைக்கு மட்டும், இந்தக் குதிகால் வலிக்காரிக்கு மட்டும், வாராவாரம் இது கிடைத்திருக்கிறதே!

"கம்ப்யூட்டர் எந்த ரூம்ல இருக்கு?" என்றாள் சர்வீஸ்காரம்மா. தங்கை தப்பித்தோம் என்று அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். அவர் பாதித் தட்டோடு எழப் போனார்.

"உட்கார்ந்து சாப்பிடுங்க."

"இல்ல, போதும். நாம கிளம்பலாம்..."

"சாப்பிடுங்கன்னு சொல்றேன்ல?"

உட்கார்ந்தார். சாப்பிட ஆரம்பித்தார். தலையைக் குனிந்துகொண்டு, வாயைத் திறக்காமல், மளமளவென்று, சீக்கிரம் முடித்துவிட்டால் போதும் என்பது போல. வீட்டில் தினமும் அப்படித்தான் சாப்பிடுவார். அது அவர் சுபாவம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு, "நான் வெளிய நிக்கறேன். நீங்க பேசிட்டு மெதுவா வாங்க" என்று சொல்லிவிட்டு மாடிப்படிக்கு வந்தாள். ரோஜாத்தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று, உள்ளே காதைக் கொடுத்தாள். சர்வீஸ்காரம்மா கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. தட்டில் கை படும் சத்தம் கேட்டது. அவர் ஏதாவது சொல்லுவார், தங்கை சிரிப்பாள் என்று காத்துக்கொண்டே நின்றாள். கடைசிவரை யாரும் பேசவில்லை.