அண்ணனுக்கு வந்தது ஹெர்னியா அல்ல

"இதெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம். நீ உள்ள போயி இன்னா பண்ணப் போற?"

ஆறு ஆண்டுகளுக்கு முன், மருத்துவமனையில் டாக்டர் அறை வாசலில் எங்கள் பெரியப்பா என்னிடம் கேட்டது இது. கோபத்தில் கேட்கவில்லை. பத்தொன்பது வயதுப் பெண் அந்த அறைக்குள் போகிறாளே என்ற கூச்சத்தில் கேட்டார். ஆனால் டாக்டர் கொடுக்கும் தாளைப் படிக்க எங்கள் குடும்பத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை. பெரியப்பா கைநாட்டு. அம்மா பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. அண்ணன் மூன்றாம் வகுப்போடு நின்றவர். நான்தான் உள்ளே போனேன். நான்தான் படித்தேன். விதைப்பைப் புற்றுநோய் என்று அதில் இருந்தது. அதைத் தமிழில் அண்ணனுக்கு முதலில் சொன்ன வாயும் என்னுடையதுதான்.

அண்ணனின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, இந்த நினைவு மலரில் "சில காலம் உடல்நலம் குன்றியிருந்து" என்று எழுதினால் போதும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்கள். எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருப்பதையும் நினைவுபடுத்தினார்கள். அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நோயின் பெயரை எழுதாமல் விட முடியாத காரணம் ஒன்று இருக்கிறது.

எங்கள் குடும்பம் தாத்தா காலத்தில் குடியாத்தம் பக்கத்திலிருந்து ரயில்வே பணிமனை வேலைக்காக இந்த ஊருக்கு வந்தது. அப்பா இந்த ஊரின் மல்லாபூர் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அண்ணன் பிறந்தது அங்கேதான். அப்பா இறந்தபோது அண்ணனுக்குப் பன்னிரண்டு வயது. ஒரு லேத் பட்டறையில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்து, பிறகு அதே பட்டறையில் இரும்பு கடையும் டர்னர் ஆனார். கடைந்து எடுத்த இரும்பை விரலால் தடவிப் பார்த்தே அளவு சரியா இல்லையா என்று சொல்லிவிடுவார் என்பார்கள். என் பரீட்சை நாட்களில் டிவி ஒயரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போவார். அம்மா சீரியல் பார்க்க முடியாமல் அவரைத் திட்டிக்கொண்டே சமைப்பார். அப்படித்தான் நான் பி.காம் முடித்தேன்.

நோய் வந்தபோது அண்ணனுக்கு இருபத்தேழு வயது. வலியே இல்லாத ஒரு கட்டி. வலிக்காததால் நான்கு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு விதையை எடுத்தார்கள். பிறகு மூன்று சுற்று மருந்து ஏற்றினார்கள். முடி போனது, வாயில் எந்நேரமும் இரும்பு ருசி. எல்லாம் முடிந்து பட்டறைக்குத் திரும்பியபோது விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. இரும்பைத் தொட்டால் ஒன்றும் தெரியவில்லை. அன்று வீட்டுக்கு வந்து கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். முதலாளி அவரை ஸ்டோருக்கு மாற்றினார். ஆனால் நோய் போய்விட்டது. ஒவ்வொரு பரிசோதனையிலும் ஒன்றுமில்லை என்றே வந்தது.

தெருவில் கேட்டவர்களுக்கு அம்மா ஒரே பதில் வைத்திருந்தார்: ஹெர்னியா ஆபரேஷன். அண்ணனுக்குக் கல்யாணம் ஆகவேண்டும், எனக்கும் ஆகவேண்டும், அந்த இடத்தின் பெயரையும் அந்த நோயின் பெயரையும் சேர்த்து எப்படிச் சொல்வது என்றார். நானும் அதையே சொன்னேன். படித்த நானும் சொன்னேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஆனால் மருத்துவமனையில் அண்ணன் வேறு ஆளாக இருந்தார். சனிக்கிழமைகளில் வேலை முடிந்ததும் அங்கே போய், புதிதாகச் சேர்ந்தவர்கள் பக்கத்தில் உட்கார்வார். பெரும்பாலும் இளைஞர்கள். தாயிடம் சொல்ல முடியாமல், மனைவியிடம் சொல்ல முடியாமல் சுவரைப் பார்த்துக் கிடப்பவர்கள். "டரோ நக்கோ மியா", பயப்படாதே என்று இந்த ஊர் உருதுவில்தான் பேச்சை ஆரம்பிப்பார். ஆட்டோவுக்கு ஒரே சிலிண்டர்தான், ஊர் முழுக்க ஓடவில்லையா என்று கேட்பார். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்ததை நானே பார்த்திருக்கிறேன். எத்தனை பேருக்குத் துணையிருந்தார் என்று எங்களுக்குத் தெரியாது. சவ ஊர்வலத்தில் எங்களுக்கு முகம் தெரியாத பதினோரு பேர் தோள் கொடுத்தார்கள்.

ஊரில் யார் யாருக்கோ உண்மையைச் சொன்ன அண்ணன், சொந்தத் தெருவில் மட்டும் வாய் திறக்கவில்லை. எனக்காகத்தான் திறக்கவில்லை.

போன வருடம் எங்கள் தெருவில் ஓர் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். தன் மகனுக்குக் கீழே வீக்கம் இருக்கிறது, உங்கள் பிள்ளைக்கு வந்த அதே ஹெர்னியாவாக இருக்கும்போல, எப்படிச் சரியானது என்று கேட்டார். எங்கள் அம்மா, கொஞ்ச நாள் கனம் தூக்காமல் இருக்கச் சொல்லி அனுப்பினார். பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய். அண்ணனிடமும் என்னிடமும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையும் கனம் தூக்காமல் ஏழு மாதம் இருந்தார். முதுகு வலி வந்து, இருமல் வந்து, பிறகுதான் மருத்துவமனைக்குப் போனார். அதற்குள் நோய் நுரையீரல் வரை போயிருந்தது.

அவர் பெயரை எழுத எனக்கு அனுமதி இல்லை. அண்ணன் அழைத்தபடி தம்பி என்றே எழுதுகிறேன்.

விஷயம் தெரிந்த அன்று அண்ணன் சட்டையைக்கூட மாற்றாமல் அவர்கள் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"எனக்கு வந்தது ஹெர்னியா இல்ல தம்பி. உனக்கு வந்திருக்கே, இதான் எனக்கும் வந்துச்சு."

தம்பி, "முன்னாடியே சொல்லியிருக்கலாமேண்ணா" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு அண்ணன் தனக்காக வாழவில்லை. தம்பியின் ஒவ்வொரு மருந்து நாளும் பக்கத்திலேயே இருந்தார். மருத்துவமனைத் தாளில் உடன் வருபவர் என்ற இடத்தில் தன் பெயரைத் தானே எழுதினார். மெதுவாக எழுதுவார், எழுத்துகள் கோணலாக இருக்கும். நான்கு சுற்றில் இரண்டு முடிந்தது. கட்டிகள் சுருங்குகின்றன என்றார் டாக்டர். அண்ணன் அன்று அம்மாவுக்கு மல்லிகைப்பூ வாங்கி வந்தார்.

மூன்றாம் சுற்றுக்கு நான்கு நாள் இருக்கும்போது, காலை பத்து மணிக்கு, ஸ்டோரில் டீ குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். அவருக்கு முப்பத்து மூன்று வயது.

தம்பி மூன்றாம் சுற்றுக்குப் போகவில்லை.

காரியம் முடியாத வீட்டிலிருந்து இன்னொருவர் வீட்டுக்குப் போகக்கூடாது என்பார்கள். ஆறாம் நாள் நான் போனேன். வாசலிலேயே நின்று பேசினேன். தம்பி கட்டிலை விட்டு எழவில்லை.

"ஹெர்னியான்னு சொன்னீங்க, நம்பனோம். இப்ப ஹார்ட்டுன்னு சொல்றீங்க. அண்ணனுக்குத் திரும்ப வந்துடுச்சு, அதான?"

எங்கள் வீட்டு வார்த்தைக்கு இனி அங்கே மதிப்பில்லை. திரும்பி வந்து, அண்ணனின் கடைசி ஸ்கேன் அறிக்கையையும் மரணச் சான்றிதழையும் எடுத்துப் போனேன். ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் படித்துத் தமிழில் சொன்னேன். புற்றுநோய் திரும்பவில்லை என்று காட்டினேன். கடைசியில் அவர் கேட்டார், அந்த மருந்துதான் அண்ணனின் இதயத்தைக் கெடுத்ததா என்று.

அதே கேள்வியை நான் முன்னமே டாக்டரிடம் கேட்டிருந்தேன். சில பேருக்கு அப்படி ஆகலாம், உங்கள் அண்ணனுக்கு அதனால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அந்த மருந்து இல்லையென்றால் இந்த ஆறு வருடமும் இல்லை என்றார் அவர். தம்பியிடம் இதில் பாதியை மறைத்திருக்கலாம். இல்லவே இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் அன்றே எழுந்து வந்திருப்பாரோ என்னவோ. நான் முழுவதையும் சொன்னேன்.

"அப்ப இப்டியும் சாவு, அப்டியும் சாவு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத என்னால் முடியவில்லை.

ஏழாம் நாள் போனேன். எட்டாம் நாளும் போனேன். நாள் தள்ளத் தள்ள நோய் மறுபடி வளரும் என்கிறார் டாக்டர். குணமாகக்கூடிய நோய், இடைவெளி விடாதீர்கள் என்கிறார். எனக்குத் தூக்கமில்லை. கணக்கு வைத்துக்கொள்ள முடியாதபடி பிரார்த்தனைகள் செய்துவிட்டேன். ஒன்பதாம் நாள் நான் இந்தக் கட்டுரையைப் பற்றிச் சொன்னேன். உங்கள் கதையையும் எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதுக்கா. எம் பேரு வேணாம். ஹெர்னியான்னு மட்டும் எழுதாத."

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

இதைப் படிப்பவர்கள் வீட்டில் எந்த ஆண்பிள்ளைக்காவது விதையில் வலியில்லாத வீக்கம் இருந்தால், ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். சொல்ல வெட்கமாக இருந்தால் என்னிடம் வாருங்கள். எனக்கு இனி வெட்கமில்லை. இதனால் எனக்கு வரும் வரன் வராமல் போனால் போகட்டும்.

அண்ணனை ஸ்டோரிலிருந்து தோளில் தூக்கிக்கொண்டு ஓடிய பட்டறைத் தோழர்களுக்கும், மூன்று நாள் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாதபோது சோறு கொண்டுவந்த தெருவினருக்கும், பெயர் சொல்லாமல் தோள் கொடுத்த அந்தப் பதினோரு பேருக்கும், என்னைத் திட்டிவிட்டு இந்த மலரை அச்சகத்துக்குத் தானே எடுத்துப்போகும் பெரியப்பாவுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. தம்பியின் தாயிடம் நன்றி சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. எங்கள் அம்மா தினமும் அவர்கள் வாசலில் போய் நின்றுவிட்டு வருகிறார்.

நேற்று மருத்துவமனைக்குப் போனேன். திங்கட்கிழமை காலைக்குத் தம்பிக்கு இடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். அலுவலகத்தில் விடுப்பும் எழுதிக் கொடுத்துவிட்டேன். பதிவு செய்யும் அம்மா புதுத் தாள் ஒன்றைக் கொடுத்து, பேஷண்ட் நிச்சயம் வருவாரா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். உடன் வருபவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். உறவு என்ற இடத்தில் அக்கா என்று எழுதினேன்.