அசையாமல் கிடந்த ஆட்டக்காரர்

ராயக்கோட்டை வாலிபால் அணியில் வலையோரம் எழும்பி அடிப்பவர் ஜீஷான். ஓசூர் கம்பெனி ஒன்றில் ஒப்பந்தம் முடிந்து வீட்டிலிருந்தபோது, பெங்களூரு ஆராய்ச்சிக்கூடம் ஒன்று ஆரோக்கியமான ஆண்களைத் தேடுவதாக நண்பர் சொன்னார். விண்வெளியில் மிதப்பவர்களுக்குத் தசையும் எலும்பும் கரைந்துபோகும். அதைத் தரையிலேயே ஆராய, ஆட்களை இரண்டு மாதம் படுக்கவைப்பார்களாம். தலைப்பக்கம் சற்றுத் தாழ்ந்த கட்டில். சாப்பாடு, குளியல் எல்லாம் படுத்தபடியே.

“படுத்துக்கினு இருக்கறதுக்கா பெங்களூரு போறீங்க? அத இங்கயே செய்யலாமே” என்றார் மனைவி ஆஃப்ஷீன்.

ஜீஷான் சிரித்தார். படுத்தபடியே கால்களால் எடை தள்ளும் கருவி அங்கே உண்டு என்று கேள்விப்பட்டிருந்தார். அதற்காகவே போனார் என்றும் சொல்லலாம்.

குழு பிரிக்கச் சீட்டுக் குலுக்கினார்கள். உடற்பயிற்சி, பக்கத்துக் கட்டில் திம்மப்பனுக்கு விழுந்தது. ஓசூர் பக்கம் தளி என்ற ஊரில் பூ நாற்று விற்பவர். பஸ் பிடிக்கக்கூட ஓடாதவர். ஜீஷானுக்குச் சும்மா கிடக்கும் குழு.

முதல் சில நாள் தலை கனத்தது, முகம் வீங்கியது, முதுகு வலித்தது. பிறகு அது பழகிவிட்டது. பழகாதது திம்மப்பன் கருவியில் மூச்சு வாங்கும் சத்தம்.

“யப்பா, இத நீயே மிதி. நான் தூங்கறேன்” என்பார் திம்மப்பன்.

தன் கெண்டைக்கால் தளர்வதை ஜீஷான் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒருநாள் போர்வைக்குள்ளேயே தொடையை இறுக்கி, குதிகாலை அழுத்தத் தொடங்கினார். அறையில் கேமரா இருந்தது. அதில் பார்த்துவிட்டு, ஆய்வை நடத்தும் டாக்டர் பிரியதர்ஷினி வந்தார்.

“போர்வைக்குள்ள என்ன பண்றீங்க?”

ஜீஷான் மறைக்கவில்லை. “கால் சூம்புது மேடம். பாத்துக்கினு சும்மா கெடக்க முடியல.”

“உங்களுக்கு எவ்ளோ சூம்புதுன்னு தெரிஞ்சாத்தான், பயிற்சி அவர எவ்ளோ காப்பாத்துதுன்னு சொல்ல முடியும். முடியலன்னா இன்னைக்கே வீட்டுக்குப் போலாம். யாரும் தப்பா நெனைக்க மாட்டோம்.”

அன்று மாலை ஆஃப்ஷீனிடம் போனில் சொன்னார்.

“வந்துடுங்க” என்றார் அவர் உடனே.

அப்படிச் சொன்னதும் ஜீஷானுக்குப் போகத் தோன்றவில்லை. ஏன் என்று பின்னாளிலும் அவரால் விளக்க முடிந்ததில்லை. மீதி நாள்களை அசையாமல் கிடந்தே கழித்தார்.

எழுப்பி நிறுத்திய நாளில் திம்மப்பன் தள்ளாடினார், ஆனால் நின்றார். ஜீஷானுக்குக் கண் இருண்டது. வியர்த்துக் கொட்டி, நர்ஸின் கையில் சாய்ந்தார். மறுநாள் நடைவண்டி போன்ற ஒரு தாங்கியைப் பிடித்துக் கழிவறை வரை போய்வந்தார். திம்மப்பனின் தொடைத் தசை பெருமளவு தப்பியிருந்தது; ஜீஷானுடையது நன்றாகவே குறைந்திருந்தது. அடுத்த சில வாரம் உடலைத் தேற்றும் பயிற்சி. இப்போதுதான் அந்தக் கருவி அவர் காலுக்குக் கிடைத்தது. எடை மிகக் குறைவாகவே வைத்தார்கள்.

வீடு திரும்பியபோது மாடிப்படியில் பாதியில் நின்றார். ஆஃப்ஷீன் இறங்கி வந்து தோள் கொடுத்தார்.

வேறு கம்பெனியில் ஷிப்ட் வேலை கிடைத்தது. மைதானத்துக்குப் போன முதல் நாள், எழும்பியும் விரல் வலையின் மேல்விளிம்பைத் தாண்டவில்லை. அணியினர் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்கள். சில மாதங்களில் பழையபடி அடிக்கத் தொடங்கினார்.

திம்மப்பன் எப்போதாவது கூப்பிடுகிறார். “மிஷின் இல்லாம எப்படிப்பா பண்றது?” என்கிறார். தொப்பை போட்டுவிட்டதாம்.

ஸ்கேனுக்கு ஜீஷான் இப்போதும் பெங்களூரு போய்வருகிறார். தசை திரும்பிவிட்டது என்கிறார் டாக்டர். இடுப்பெலும்பின் அடர்த்தி இன்னும் பழைய அளவுக்கு வரவில்லை.