மச்சானுக்குப் பிடித்தது

எங்கள் ஊரில் யார் வீட்டில் பந்தி போட்டாலும் விசாரிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். பரிமாறுவது வேறு, விசாரிப்பது வேறு. பரிமாறுகிறவன் வாளியைப் பார்த்தால் போதும். விசாரிக்கிறவன் இலையைப் பார்க்க வேண்டும். யார் இலையில் எது தீர்ந்தது, யார் எதை ஓரங்கட்டினார், யார் வெட்கப்பட்டுக்கொண்டு கேட்காமல் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்தபடியே நடந்து, "இங்க ஒரு கரண்டி ரசம் ஊத்து" என்று குரல் கொடுக்க வேண்டும். வருஷக்கணக்காக இதே வேலையாக இருப்பதால், ஊரில் பாதிப்பேருடைய முகத்தைவிட இலைதான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கூடவே எனக்கு வாயும் கொஞ்சம் நீளம். சாம்பாரில் உப்பு தூக்கல் என்றால் நேராகச் சமையற்காரரிடமே போய்ச் சொல்லிவிடுவேன். நாலு பேர் முறைப்பார்கள். ஆனாலும் அடுத்த விசேஷத்துக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள், வேறு ஆள் கிடையாது.

ஊர் என்றால், கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற வழியில் புதுச்சத்திரத்தில் இறங்கி உள்ளே போக வேண்டும். பெரிய ஊர் இல்லை. போன வருஷம் ஆடிக்கும் கார்த்திகைக்கும் நடுவில் மட்டும் மூன்று பேர் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். பதினாறாம் நாள் காரியம் என்றால், அதற்கு முதல் நாள் சாயந்தரம் வீட்டில் படையல் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். செத்தவர் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை விரித்து, அவருக்கு என்னென்ன பிடிக்குமோ அத்தனையும் வைக்க வேண்டும். இதில் நல்லது கெட்டது என்ற பேச்சே இல்லை. பிடித்ததா, வைத்துவிட வேண்டியதுதான்.

முதலில் போனவர் தெற்குத் தெருப் பெரியம்மா. சர்க்கரை வியாதிக்காரர். மகன் வீட்டில் இனிப்பையே கண்ணில் காட்ட மாட்டான். அதனால் பெரியம்மாவுக்குப் பக்தி ஜாஸ்தியானது. சுற்றுவட்டாரத்தில் எந்தக் கோயிலில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாலும் முதல் ஆளாக நிற்பார். பந்தியில் எனக்குக் கண்ணைக் காட்டுவார், நான் அப்பளத்துக்குக் கீழே ஒரு ஜாங்கிரியை ஒளித்து வைக்கச் சொல்வேன். படையலன்று மகன் திருப்பாதிரிப்புலியூருக்குப் போய் அல்வா, ஜிலேபி, மைசூர்பாகு என்று வாங்கி வந்து இலை முழுக்க அடுக்கிவிட்டான். சோறு வைக்க இடமில்லை. "இப்ப சாப்புடும்மா, ஒண்ணும் செய்யாது" என்று படத்தைப் பார்த்து அவன் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அடுத்தவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். ஊருக்கெல்லாம் ஒழுக்கம் சொன்னவர். தினமும் சாயந்தரம் அவர் வயல் பக்கம் போய்விட்டு வருவது காற்று வாங்கத்தான் என்று வீட்டில் நம்புவதாக அவர் நம்பிக்கொண்டிருந்தார். படையலில் இட்லி, வடை, வாழைக்காய் பஜ்ஜி எல்லாம் வைத்த பிறகு, அவருடைய கூட்டாளி ஒருவர் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பாட்டிலைப் படத்துக்குப் பின்னால் நைசாகச் செருகினார். வாத்தியார் சம்சாரம் பார்க்காத மாதிரி கற்பூரத்தைத் தேடிக்கொண்டிருந்தார். பிறகு, திரும்பாமலே, "பக்கத்துல ஒரு சொம்பு தண்ணியும் வைங்க, அவரு கலக்காம குடிக்க மாட்டாரு" என்றார்.

மூன்றாவது ஆள் என் மச்சான். என் தாய்மாமன் மகன், என்னைவிட மூன்று வயது சின்னவர். எரிந்துபோன தண்ணீர் மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றி மறுபடி காயில் கட்டுகிற வேலை. எங்கள் பக்கத்தில் மோட்டார் புகைந்துவிட்டால் கழற்றி வண்டியில் போட்டுக்கொண்டு அவருடைய பட்டறைக்குத்தான் போக வேண்டும். கார்த்திகை மாசம், மழை விட்ட ஒரு காலையில், கம்பி சுற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். சாவுக்கு வந்தவர்களில் நாலு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டே பட்டறைக்குள் எட்டிப் பார்த்தார்கள், தங்கள் மோட்டார் எந்த நிலைமையில் இருக்கிறது என்று.

மச்சான் பேச மாட்டார். கோபமோ சந்தோஷமோ, எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு "ம்" தான். அவருடைய இலை எனக்குப் பெரிய தலைவலி. எதையும் மறுபடி கேட்டதில்லை, எதையும் ஒதுக்கியதும் இல்லை. எல்லாவற்றையும் ஒரே சீராகச் சாப்பிட்டு, கழுவி வைத்த மாதிரி இலையை மடித்துவிட்டு எழுந்து போவார். "எப்படி மச்சான் இருந்துச்சி?" என்றால் "ம்". இப்படி ஓர் இலையை வைத்துக்கொண்டு நான் எதைத்தான் விசாரிப்பது?

பத்தாம் நாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மச்சானுடைய சம்சாரம் எனக்குத் தங்கச்சி முறை. திட்டக்குடிப் பக்கத்துப் பெண். காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, ஒங்களுக்குத்தான் ஊருல எல்லாரு எலையும் தெரியுமே. அவுருக்கு என்னாண்ணே புடிக்கும்?"

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை என்று பார்த்த பிறகுதான் விஷயம் உறைத்தது. மகன் உள்ளேயிருந்து, "அப்பாவுக்குப் பிரியாணி வச்சிடலாம்மா" என்றான்.

"அது ஒனக்குப் புடிக்கும்" என்று அவனை அடக்கிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "முப்பத்தி நாலு வருஷம் ஆக்கிப் போட்டிருக்கேண்ணே. நல்லாருக்குன்னும் சொன்னதில்ல, நல்லால்லன்னும் சொன்னதில்ல. இப்ப எல போட்டு எதப் படைக்கிறது? என்னமோ ஒண்ண வச்சி ஒப்பேத்துனா, கூட இருந்தும் ஒண்ணுந் தெரியாத பொம்பளன்னு ஊரு பேசும். ஊரு பேசுறது கெடக்கட்டும். எனக்கே அப்புடித்தான் தோணுது."

கண்டுபிடித்துச் சொல்கிறேன் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். டீக்கடையில் கேட்டேன், டீ குடிப்பார் என்றார்கள். அது எனக்கே தெரியும். பட்டறைக்குப் பக்கத்துக் கடைக்காரர் யோசித்து யோசித்து, "வாழப்பழம் வாங்குவாரு. ஆனா அது சைக்கிள்ல கட்டித் தொங்கவுட்டுட்டு வீட்டுக்குக் கொண்டு போயிடுவாரு" என்றார். இரண்டு நாள் இப்படியே அலைந்து வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தபோதுதான், வெள்ளிக்கிழமை தவறாமல் அவர் செப்புக் கம்பி வாங்கச் சிதம்பரம் போவது நினைவுக்கு வந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமைதான். காலையில் பஸ் ஏறினேன்.

மேல வீதிப் பக்கம் இருந்த கம்பிக் கடைக்காரர் சட்டென்று சொல்லிவிட்டார். "கம்பிய எட போட்டு வைங்கன்னு சொல்லிட்டு டிபன் சாப்புடப் போயிடுவாரு. பின்னால சந்துல ஒரு மெஸ் இருக்கு, பாருங்க."

நாலு மேஜை போட்ட சின்ன மெஸ். பரிமாறிக்கொண்டிருந்த அம்மாவிடம் போனில் இருந்த மச்சான் படத்தைக் காட்டினேன்.

"காயில் கட்டுறவருதானே? போன வெள்ளிக்கெழம ஆளக் காணுமே" என்றார். நான் விஷயத்தைச் சொன்னதும் கரண்டியை வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டார். "கொத்சுக்காகத்தாங்க வருவாரு. மத்த நாள்ல இங்க சாம்பாருதான். வெள்ளிக்கெழம மட்டும் கொத்சு."

கத்தரிக்காயை வேகவைத்து மசித்து, புளி கரைத்து ஊற்றி, மிளகாயும் மல்லியும் வறுத்து அரைத்த பொடியைப் போட்டு, நல்லெண்ணெய் மிதக்கக் கொதிக்க வைப்பார்கள். சிதம்பரத்துக்காரர்களுக்கு இட்லிக்கு அதுதான் சரியான ஜோடி. கல்யாணப் பந்தியில் சோற்றுக்கு அதைப் போடுகிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. நான் கோட்டை விட்டது அங்கேதான்.

"மறுபடி கேட்டு வாங்குவாரா?" என்றேன்.

"கேப்பாரே. நல்லாப் பேசுவாருங்க. போன வாரத்த வுட இன்னிக்கி நல்லாருக்கும்மான்னுவாரு. எங்கம்மா கை மாதிரியே இருக்குன்னுவாரு."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் இலைக்கு முன்னால் நின்று கெஞ்சியவனுக்கு ஒரு "ம்". சிதம்பரத்துச் சந்தில் இத்தனை பேச்சா? அந்த அம்மா கேட்காமலே எனக்கும் நாலு இட்லி வைத்துக் கொத்சு ஊற்றினார். வாயில் வைத்ததும் அத்தை ஞாபகம் வந்துவிட்டது. மச்சானுடைய அம்மா. அத்தை கொத்சு கொதிக்கவிட்டால் தெருவில் போகிறவர்கள் நின்று விசாரிப்பார்கள். மச்சானுக்குக் கல்யாணம் ஆவதற்கு ஒரு வருஷம் முன்பே அத்தை இறந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் கொத்சு வாசனையே வந்ததில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரே குழப்பம். வெளியில் வாயாரப் புகழ்ந்து சாப்பிட்டார் என்று எப்படிச் சொல்வது? கொத்சு பிடிக்கும் என்பதை மட்டும் சொல்லி, மற்றதை விழுங்கிவிடலாம் என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் போனேன். ஆனால் சிதம்பரத்து மெஸ்ஸில் கொத்சு சாப்பிடுவாராம் என்றதும் தங்கச்சி கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"நல்லாருக்குன்னு சொல்லுவாராமாண்ணே?"

"சொல்லுவாராம்."

அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது.

"ஒரு தரம் வாயத் தொறந்து கேட்டிருக்கலாமில்ல? நான் என்னா மாட்டேன்னா சொல்லிருப்பேன்?" என்றாள். பிறகு தானே, "மாட்டேன்னுதாண்ணே சொல்லிருக்கேன்" என்றாள்.

கல்யாணமான புதிதில், கத்தரிக்காய் கையில் பட்டால் தனக்கு அரிக்கும் என்று அவரிடம் சொன்னாளாம். அன்றிலிருந்து மச்சான் வீட்டுக்குக் கத்தரிக்காயே வாங்கவில்லை. யாராவது தோட்டத்திலிருந்து பறித்துக் கொடுத்தால்கூட, வழியிலேயே யார் வீட்டிலாவது கொடுத்துவிட்டு வருவாராம்.

"அரிக்கவே அரிக்காதுண்ணே. பொய். எனக்குக் கொத்சு வைக்கத் தெரியாது. எங்க ஊருப் பக்கம் அது கெடையாது. இங்க வந்தா யாரப் பாத்தாலும் ஒன் மாமியா கொத்சு வச்சா, ஒன் மாமியா கொத்சு வச்சான்னு ஒரே பாட்டு. பயந்துட்டேன்."

"யாரு அப்படிச் சொன்னது?" என்றேன், சண்டைக்குப் போகிறவன் மாதிரி.

"நீங்கதாண்ணே. மொத மொதல்ல சொன்னதே நீங்கதான். மறுவீட்டு விருந்துல எலைக்கி முன்னால நின்னுகிட்டு, எங்க அத்த மாதிரி கொத்சு வைக்க இனிமே ஆளு பொறக்கணும், ஒனக்கு வைக்கத் தெரியுமான்னு கேட்டீங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. ஆனால் நான் சொல்லியிருப்பேன். அந்தக் குரல், அந்தத் தோரணை எல்லாம் என்னுடையதுதான். போகிற போக்கில் நான் விட்ட ஒரு வார்த்தைக்காக இரண்டு பேர் ஒரே வீட்டில் முப்பத்து நாலு வருஷம் கொத்சு என்ற பேச்சையே எடுக்காமல் ஒருவரை ஒருவர் பத்திரமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். வெட்கமாக இருந்தது. காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

படையலன்று சாயந்தரம் கூடம் முழுக்கச் சொந்தக்காரர்கள். இலை விரித்தாயிற்று, புது வேட்டி சட்டை வைத்தாயிற்று, மகன் ஆசைக்குப் பிரியாணியும் ஓர் ஓரத்தில் வந்துவிட்டது. மத்தியானத்திலிருந்து சரியாகச் சாப்பிடாத கூட்டம். படைத்தால்தான் பந்தி என்பதால் எல்லாருடைய கண்ணும் சமையலறை வாசலிலேயே இருந்தது. நல்லெண்ணெய் வாசனை வந்துகொண்டிருந்தது. தங்கச்சி தானே வைக்கப்போவதாகச் சொல்லியிருந்த கொத்சு மட்டும் வரவில்லை. மகன் வந்து, அம்மா கூப்பிடுவதாகச் சொன்னான்.

உள்ளே அவள் அடுப்புக்கு முன்னால் கரண்டியோடு நின்றிருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை.

"கைய நீட்டுங்கண்ணே."

படைப்பதற்கு முன்னால் எதையும் ருசி பார்க்கக் கூடாது. உப்புக்கூடப் பார்க்கக் கூடாது. எத்தனையோ வீட்டில் வடையைக் கிள்ளி வாயில் போட்ட ஆட்களை நானே திட்டியிருக்கிறேன்.

"படைக்காம எப்படிம்மா?" என்றேன்.

"அவுரு வந்து சொல்லப் போறாரா? எனக்கு இது சரியா தப்பான்னு தெரியலண்ணே. ஒங்க அத்த கொத்சு ஒங்களுக்குத் தெரியும். தெரியுமான்னு கேட்டது நீங்கதானே, நீங்களே சொல்லுங்க."

நீட்டினேன். சுடச்சுட உள்ளங்கையில் ஊற்றினாள். நக்கிப் பார்த்தேன். அருமை என்று சொல்லிவிட்டு வெளியே போயிருக்கலாம். பொய் சொல்ல வேண்டிய இடமும் அதுதான். ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்த பார்வைக்கு அது துரோகமாகப் பட்டது.

"புளி ஜாஸ்தி. பொடி பத்தல. கொஞ்சம் பச்ச வாசன அடிக்குது" என்றேன்.

முகம் சுருங்கும் என்று பயந்தேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு, "அப்புடியா" என்று பொடி டப்பாவைத் திறந்தாள். கொஞ்சம் வெல்லம் கிள்ளிப் போட்டாள், எண்ணெய் விட்டாள், அடுப்பை ஏற்றினாள். கூடத்திலிருந்து ஒரு பெரியவர், "என்னாப்பா, இன்னும் ஆவலியா?" என்றார். வாசலில் வந்து நின்று, "இன்னும் கொஞ்ச நேரம் ஆவும்" என்று அதட்டினேன். முனகினார்கள். முனகட்டும்.

கொதி அடங்கியதும் மறுபடி கையை நீட்டினேன். அத்தையின் கொத்சு இல்லை அது. காரம் தூக்கலாக, மல்லி வாசனை முன்னால் வந்து நின்றது. அவள் ஊர்க் கை. ஆனால் நாக்கு இன்னொரு சொட்டு கேட்டது.

"நல்லாருக்கும்மா."

அவள் பாத்திரத்தை இறக்கவில்லை. துணியை இரண்டு கையிலும் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"இன்னொரு தரம் சொல்லுங்கண்ணே."

சொன்னேன்.