பெருங்காயம் போடாத ரசம்

என் நாத்தனார் மகளுக்குக் கோதுமை துளி சேர்ந்தாலும் குடல் புண்ணாகிவிடும். கடையில் விற்கும் பெருங்காயத்தூளிலும் கோதுமை மாவு கலப்பதுண்டு என்பதால், காமயகவுண்டன்பட்டியில் எங்கள் வீட்டு விருந்துக்கு அவள் வந்த அன்று அதைப் போடாமலே ரசம் வைத்தேன். இலை போட்டுவிட்டுத் திரும்பினால், அடுப்படியெங்கும் பெருங்காய வாசம். என் கொழுந்தன் மனைவி கையில் டப்பா.

"வெந்நி மாதிரி இருந்துச்சுக்கா, கொஞ்சந்தான் போட்டேன். சோறு திங்குற ஊருல கோதுமை எங்கன இருந்து வரும்?" என்று சிரித்தாள்.

படித்துப் படித்துச் சொல்லியிருந்தேனே! ரசத்தைப் பானையோடு தூக்கிப்போய்க் கொல்லையில் கொட்டினேன்.

"விருந்தாளுக முன்னால இப்படியா பண்ணுவாக?" என்று வீடே என்னை ஏசியது. நாத்தனார் மகள் தயிர்ச்சோறு சாப்பிட்டாள்.

ரசத்தைக் கொட்டியவள் என்று இன்றும் என்னைத்தான் சொல்கிறார்கள். அதில் பெருங்காயத்தைக் கொட்டியவளை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.