கொடியில் காய்ந்த காக்கி பேண்ட்

மூங்கில்துறைப்பட்டில் சர்க்கரை ஆலை வேலை கிடைத்ததும், ஒரு வீட்டின் மாடியில் தனியாகக் குடியேறினேன். எனக்கு முப்பது தாண்டியிருந்தது, கல்யாணம் ஆகவில்லை. கீழே வீட்டுக்கார அக்கா.

எந்திரங்களுக்கு நடுவே இரும்புப் படிகளில் ஏறி சோதனைக்குக் கொஞ்சம் கரும்புச்சாறு எடுத்துவருவது என் வேலை. துப்பட்டா எங்காவது மாட்டிக்கொள்ளுமோ என்று தினமும் பயம். அதனால் கள்ளக்குறிச்சியில் ஆண்கள் துணிக்கடைக்குப் போய் இரண்டு காக்கி பேண்ட் வாங்கினேன். "தம்பிக்கா?" என்றார் கடைக்காரர். தலையாட்டி வைத்தேன். பையில் கொண்டுபோய் ஆலையில் மாற்றிக்கொள்வேன். துவைத்தால் மாடிக் கொடியில்தானே போட வேண்டும்?

அக்கா முதலில் சாதாரணமாகத்தான் கேட்டார். "மாடிக்கு யாருனா வந்துக்கினு போறாங்களாம்மா?"

"யாரும் இல்லைங்கக்கா."

அதற்குப் பிறகு அடிக்கடி மேலே வர ஆரம்பித்தார். கறிவேப்பிலை கொடுக்க வருவார், குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்க வருவார். பேச்சு என்னிடம் இருக்கும், கண் கதவுக்குப் பின்னால் போகும். ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது கட்டில் சுவரைவிட்டு நகர்ந்திருந்தது. அவரிடம் இன்னொரு சாவி இருக்கிறதோ என்று எனக்கும் சந்தேகம் வந்தது. பூட்டை மாற்றினேன். அது அவருடைய சந்தேகத்தை உறுதியாக்கிவிட்டது.

அன்று சாயங்காலமே வாசலில் வந்து நின்றார். "உள்ள இருக்கற ஆள வெளிய வரச் சொல்லு."

"அந்த பேண்ட்டு என்னுதுக்கா."

"ஜிப்பு முன்னால கீது. நான் இன்னா சின்னப் புள்ளயா?"

உள்ளே போய் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றேன். என்னைச் சுற்றி வந்து பார்த்தார். அப்புறம் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆம்பள ஒருத்தன் வந்துக்கினு போறான்னாகூட, பேசி முடிச்சி கல்யாணம் பண்ணி வெச்சிருப்பேன். இத்த நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. மறுநாள் பேண்ட்டோடே தெருவில் இறங்கி நடந்தேன். டீக்கடையில் பேச்சு நின்றது. ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, ஆலையில் கொடுத்த யூனிஃபார்ம் என்று அக்காவே தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறார். அப்படி எதுவும் அங்கே கொடுப்பதில்லை. நானும் மறுக்கவில்லை.

சில நாள் கழித்து ஜன்னல் வழியே பார்த்தேன். காய்கிற பேண்ட்டின் பாக்கெட்டுக்குள் அக்கா முழங்கை வரை கையை விட்டிருந்தார்.

"இன்னாக்கா தேடறீங்க?"

"காஞ்சிச்சான்னு பாத்தேன்" என்று கையை எடுத்துக்கொண்டார்.

நான் நம்பவில்லை.