இடம் மாறிய தேங்காய்க் கடை

“கோயிலு கண்ணு முன்னாடி நிக்கிது. அதத் தகட்டுல கீறிக் காட்டவா மதராஸுல மூணு வருசம் படிச்ச, ஆத்தா?” என்றார் மாமா.

அவருக்குக் கேட்கும் உரிமை உண்டு. அம்மாவின் தம்பி. பிள்ளையார்பட்டிக் கோயில் தெருவில் எங்கள் தேங்காய்க் கடைக்கு எதிர்க் கடை அவருடையது. போதாததற்குத் தன் மகனுக்கு என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஓவியப் படிப்பில் எனக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது. இந்த விடுமுறையோடு நிறுத்திவிடலாமா என்று அப்பா யோசித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு. கொஞ்சம் என்பது என் கணக்கு. “மொதல்ல படத்தப் பாருங்க மாமா” என்று, மதராஸில் அச்சடித்துச் சுருட்டிக் கொண்டுவந்த எங்கள் தெருவை எடுத்தேன்.

விரிப்பதற்கு முன், கடையிலேயே ஒரு சொற்பொழிவு. மெழுகு பூசிய தகட்டில் ஊசியால் கீறி அமிலத்தில் போட்டால், கீறிய இடம் மட்டும் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மையை நிரப்பித் தாளை வைத்து அழுத்தினால் படம் வரும். ஆனால் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறி வரும். “அதுக்காகவே நம்ம கடைப் பலகையில எழுத்தையெல்லாம் திருப்பித் திருப்பிக் கீறியிருக்கேன். எங்க வகுப்புல யாருக்கும் இவ்வளவு சுத்தமா வரல.”

விரித்தேன். ‘தேங்காய் பழக் கடை’ நேராக வந்திருந்தது. ஒரு கொம்புகூடப் பிசகவில்லை. எழுத்துத் தெரியாத அப்பா தெருவைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி தெருவைப் பார்த்தார்.

“நம்ம கடை எங்குட்டு இருக்கு, ஆத்தா?”

“இந்தா, பலகை தொங்குதே.”

“அது ஒங்க மாமா இடமுல்ல?”

எழுத்தைத் திருப்பிய மேதை, தெருவைத் திருப்ப மறந்திருந்தேன்.

மாமா தொடையில் தட்டிச் சிரித்தார். “பாத்தீகளா மச்சான்! பரிசம்கூடப் போடல, அதுக்குள்ள ஒங்க மக கடையவே எனக்குச் சீராக் குடுத்துட்டா!”

கலைக்கு இடம் வலம் முக்கியமில்லை என்று சொல்லிப் பார்த்தேன். சற்று முன் அதைப் பற்றியே முழங்கியவள் சொன்னதால் யாரும் காதில் வாங்கவில்லை.

அப்பா சிரிக்கவில்லை. “இத இங்கனயே சரிபண்ண முடியுமா?”

“முடியாதுப்பா. புதுசாக் கீறணும். அழுத்துற மிசினு மதராஸுலதான் இருக்கு.”

“அப்பப் போ. எங் கடைய இங்குட்டுக் கொண்டாந்து வச்சுட்டு வா.” பிறகு மாமாவிடம் திரும்பினார். “மத்தப் பேச்சு அதுக்கப்பறம், மாப்ள.”

விடுமுறை முழுக்க நான் எடுத்துவைத்த நியாயங்களால் ஆகாதது, என் தப்பால் ஆனது. இதற்குப் பெருமைப்படலாமா என்று தெரியவில்லை. பட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அம்மாவின் கண்ணாடியைத் தெருமுனையில் ஒரு தேங்காய் மூட்டைமேல் சாய்த்தேன். கோபுரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, புதுத் தகட்டில் கீறுவதற்காகக் கண்ணாடிக்குள் தெரிந்த தெருவை வரைந்து முடித்தேன். அதிலும் அப்பாவின் கடை மாமா பக்கம்தான் இருக்கிறது. இந்த முறை தெரிந்தே வைத்திருக்கிறேன்.