வராமல் போன வாடிக்கைக்காரர்

“…மவன் சைகோனுக்குக் கப்பலேறின மறுநாள் ஒங்கடைக்குத்தான் வந்தேன். நீ என்னைய எங்க பேச வுட்டே?” என்றார் அந்தோணி ஐயா.

புதுச்சேரியில் முடிவெட்டும் கடை வைத்திருக்கும் எனக்கு அவர் பழைய வாடிக்கைக்காரர். சில மாதங்களாக வரவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் வருவாரா என்று தெருவையே பார்த்து ஏங்குவேன். கடற்கரையில் கண்டபோது வெட்கத்தை விட்டுக் காரணம் கேட்டேன். இந்தப் பதில் கிடைத்தது. நான் அளக்கும் ஊர்க்கதையைக் கேட்கத்தான் ஆட்கள் வருகிறார்கள் என்ற நினைப்பு அன்றோடு போயிற்று. இப்போதெல்லாம், உட்கார்ந்தவர் முதலில் பேசட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

அடுத்த ஞாயிறு அவர் வந்தார். நான் வாயே திறக்கவில்லை. “அவனும் ஒன்னாட்டந்தாம்பா, வாய் ஓயாது” என்று மகனைப் பற்றி ஆரம்பித்தவர், முடிவெட்டி முடிந்த பிறகும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.